ஆடாதோடையின் பெயர்ப்பொருள்

வேலிப்புறங்களிலும் தோட்டங்களிலும் தானே தழைத்து நிற்கும் ஆடாதோடையை அறியாத தமிழர் சிலரே. எனினும் அதன் பெயர் உணர்த்தும் பொருளை நினைப்பார் அரியர். 'ஆடு தொடா' என்பதே மருவி ஆடாதோடை என நின்றது என்பர். எத்தழையையும் கடிக்கும் ஆடும் கைப்பு மிகுதியால் இதனை ஒதுக்குமென்பது கருத்து. வடநூலார் இதனை வாசா எனவும், மலர் திறந்த அரிமாவின் வாயை ஒத்தலின் சிங்காசியம் எனவும் வழங்கினர். அவர் பெயர் பூவின் வடிவை நோக்கிற்று. தமிழ்ப்பெயரோ இலையின் குணத்தை நோக்கிற்று.

இப்பெயர் கடல் கடந்தும் சென்றது. இலங்கையில் மருத்துவராயிருந்து செடிகளைத் தொகுத்த பௌல் எர்மன் என்பார், 1687இல் வெளியிட்ட லைடன் நகர்த் தோட்டச் செடிவரிசையில் இதனைச் சேர்த்தார். பின்னர் 1753இல் லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டறிஞர் இச்செடிக்கு இட்ட இலத்தீன் பெயரிலும் 'அடாதோடா' என்னும் சொல்லே அமைந்தது.

இனி இதன் பயன் கூறுதும். இருமல், இரைப்பு, கோழைக்கட்டு, இரத்தங்கக்கல் ஆகியவற்றிற்குச் சித்த மருத்துவரும் ஆயுள்வேதியரும் இதனைத் தொன்றுதொட்டு ஆண்டனர். இலைச்சாற்றைத் தேனொடு கூட்டிக் கொடுத்தலும், மணப்பாகாக்கி வைத்தலும் வழக்கு. இவ்விலை தொண்டையைத் தெளிவித்தல் பற்றியே, ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும் என்னும் பழமொழி எழுந்தது.

உதகையில் சிங்கோனாப் பட்டையை ஆராய்ந்துவந்த டேவிட் ஊப்பர் என்பார், 1888இல் இவ்விலையினின்றும் ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார். வாசா என்னும் பெயரையொட்டி அது வாசிசின் எனப்பட்டது. 1963இல் செருமனியில் மருந்தாக வெளிவந்த புரோம்ஹெக்சின் இச்சத்தின் அமைப்பை அடியொற்றிச் செயற்கையால் ஆக்கப்பட்டதே. கோழையை இளக்கி வெளிப்படுத்தும் அம்மருந்து இன்றும் வழக்கிலுள்ளது. முன்னோர் கண்ட பயன் பொய்யன்று என்பதற்கு இது சான்றாம்.

இவ்வளவில் அமைந்து, 'பச்சிலைதானே, தீங்கு யாதுளது?' என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அவ்வாசிசினே கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலுமுடையது. சம்முவிலிருந்த ஆய்வுக்கூடத்தார் இதனை விரிவாக ஆராய்ந்து 1980இல் வெளியிட்டனர். மகப்பேற்றை விரைவுபடுத்த வடநாட்டிற் சிலர் இதனைக் கையாண்டதும் இவ்வாற்றல் பற்றியே. ஆகலின் கருவுற்ற மகளிர் இதனை உட்கொள்ளாது விலக்குதல் வேண்டும். ஓராண்டு நிரம்பாத குழவிக்குத் தேன் கொடுத்தல் ஆகாதாகலின், தேன் கூட்டிய இம்மருந்தும் ஆகாது.

மற்றொன்றும் ஈண்டு உணரற்பாலது. இரத்தங்கக்கல் ஓர் அறிகுறியே. நோய் பிறிதாதலும் உண்டு. எலும்புருக்கி நோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணமென்பது 1882இல் காணப்பட்டது. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமலையும், சளியில் தோன்றும் குருதியையும் இலைச்சாற்றாலேயே ஆற்றலாமென்றிருத்தல் உயிர்க்கு ஏதமாம். சளியை ஆய்வித்து, உரிய மருந்தை உரிய காலமளவும் உண்டலே முறை.

ஆடு தொடாமைக்கு ஏதுவான கைப்பும், நோய் தணிக்கும் ஆற்றலும் ஓரிலைக்கண்ணே அமைந்தன. அவ்விலையை அளவும் ஆளும் அறிந்தே தொடுக என்பது அப்பெயர்தானே நமக்கு உணர்த்தும் பொருளாகக் கொள்ளத்தகும்.