கேஸ் ஷீட்டைப் படிப்பதற்கென்றே ஒரு வேலை



மன்னர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் வகுப்பிலேயே நிறையச் சொல்லியாயிற்று. இன்று ஒரு வேலையின் வரலாறு.

என்னிடம் படித்தவர்களில் பலர் இப்போது மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறீர்கள். நர்சிங் முடித்துவிட்டு அந்தப் பக்கம் போன பெண் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலர் என்னிடம் கேட்பது: "சார், அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் கிளினிக்கல் டாக்குமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட் என்று ஒரு வேலை இருக்கிறதாம். அதற்குத் தேர்வு எழுதலாமா?" நான் வரலாறு வாத்தியார். அந்த வேலை எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். அதிலேயே பதிலும் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அது என்ன வேலை? நோயாளி வார்டில் இருக்கும்போதே அவருடைய கேஸ் ஷீட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். பரிசோதனை முடிவு ஒன்று சொல்கிறது, கொடுக்கும் மருந்தும் அதற்கேற்றபடி இருக்கிறது, ஆனால் டாக்டர் நோயின் பெயரை எழுதவில்லை என்றால், அவரிடம் முறைப்படி கேள்வி கேட்டுத் தெளிவு பெற வேண்டும். கோடிங் செய்பவர் பெரும்பாலும் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு ஏட்டைப் பார்க்கிறார். இவர் நோயாளி கட்டிலில் இருக்கும்போதே பார்க்கிறார்.

ஆஸ்பத்திரிக் குறிப்பேடுகளைப் பற்றிய புகார் பழையது. 1863இல் மருத்துவமனைகளைப் பற்றிய தன் நூலின் விரிவான பதிப்பில், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்படியான பதிவேடுகளை அநேகமாக எங்குமே காண முடியவில்லை என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வருத்தப்பட்டார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று தெரியாவிட்டால், மக்கள் கொடுக்கும் பணம் நன்மை செய்கிறதா தீமை செய்கிறதா என்று எப்படிச் சொல்வது? இதுதான் அவர் கேள்வி.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 1821 முதல் நோயாளிகளைப் பார்த்து வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஏடுகள் குவிந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த 1897இல் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்ற பெண்மணியை நியமித்தார்கள். மருத்துவ ஏடுகளுக்கென்றே பணியமர்த்தப்பட்ட முதல் நூலகர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அதே மருத்துவமனையில் எர்னஸ்ட் காட்மேன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்தும் அவர் நலமா என்று பார்த்து அந்த அட்டையில் எழுத வேண்டும், நலமில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும் என்றார். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் தனியாக ஒரு சிறு மருத்துவமனை வைத்து, 1911 முதல் 1916 வரை அங்கிருந்து சென்ற 337 நோயாளிகளின் விவரத்தை அச்சிட்டே வெளியிட்டார். அதில் 123 பிழைகளைத் தானே பட்டியலிட்டார். அந்தத் துணிச்சலால் தொழிலில் அவர் இழந்தது அதிகம். 1940இல் மறைந்தபோது அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்கூட வைக்கவில்லை. 2014இல்தான் வைத்தார்கள்.

ஆனால் அவருடைய எண்ணம் வீண்போகவில்லை. 1913இல் தொடங்கிய அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, தன்னிடம் உறுப்பினராகச் சேர வருபவர்களிடம் அவர்கள் செய்த அறுவைகளின் ஏடுகளைக் கேட்டது. பலரால் ஒழுங்கான ஏடு கொடுக்க முடியவில்லை. தவறு மருத்துவமனைகளிலும் இருக்கிறது என்று தெரிந்து, நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளை ஆய்வு செய்தார்கள். குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே! தேறாதவற்றில் நாடே போற்றிய பெயர்களும் இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கூடிய தலைவர்கள், எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டுவிட்டு, பெயர்ப் பட்டியலை அந்த ஓட்டலின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள். ஏடு எழுதவில்லை என்பதைக் கண்டறிந்த ஏடே நெருப்புக்குப் போனது.

ஆனாலும் அந்தக் குறைந்தபட்சத் தரம் நிலைத்தது. எல்லா நோயாளிகளுக்கும் முழுமையான, சரியான குறிப்பேடு இருக்க வேண்டும், தேடினால் கிடைக்கும்படி அடுக்கியிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. விதி வந்ததும் அதைச் செய்ய ஆள் வேண்டுமே? 1928இல் ஏட்டுப் பணியாளர்கள் பாஸ்டனில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் தலைவர் அதே கிரேஸ் மையர்ஸ். அடுத்த சில ஆண்டுகளில் பதிவுபெற்ற ஏட்டு நூலகர் என்ற சான்றிதழும், அதற்கான பள்ளிகளும் வந்தன. அரசாங்கம் சொல்லாமல், தொழில் செய்பவர்களே தங்களுக்குத் தேர்வு வைத்துக்கொண்டார்கள். இதைக் கவனியுங்கள்.

இதுவரை கதையில் பணம் வரவில்லை. 1983இல் வந்தது. அதற்கு முன் முதியோருக்கான மெடிகேர் திட்டம், மருத்துவமனைக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவந்தது. நீண்ட நாள் படுக்க வைத்தால் நீண்ட பில். யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் நோயாளிகளை வகைப்படுத்த உருவாக்கிய டி.ஆர்.ஜி. முறையை அரசு எடுத்துக்கொண்டது. சுமார் 470 வகைகள். நோயாளி எந்த வகையோ அதற்கான தொகைதான் கிடைக்கும், எத்தனை நாள் படுத்திருந்தாலும்.

வகையை எப்படி முடிவு செய்வது? டாக்டர் எழுதியதை வைத்துத்தான். அன்று முதல் டாக்டரின் கையெழுத்துக்கு விலை வந்துவிட்டது. 2007 அக்டோபரில் இந்த வகைகளை நோயின் கடுமையைப் பொறுத்து விரித்து 745 ஆக்கினார்கள். 2015 அக்டோபரில் ஐ.சி.டி. 10 வந்தபோது நோய்க் குறியீடுகள் சுமார் 14,000லிருந்து 68,000க்கு மேல் போயின.

கோடிங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக ஓர் உதாரணம். இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறது. டாக்டர் ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறி போட்டு சோடியம் என்று எழுதி, மருந்தும் கொடுக்கிறார். கோடிங் செய்பவர் அதை நோயாக எடுத்துக்கொள்ள முடியாது. ஹைப்போநட்ரீமியா என்று டாக்டர் எழுதினால்தான் கணக்கு. அதுபோல வெறும் இதயச் செயலிழப்பு என்று எழுதினால் ஒரு மதிப்பு, திடீரென முற்றிய சிஸ்டாலிக் வகை என்று எழுதினால் வேறு மதிப்பு. யூரோசெப்சிஸ் என்று பல டாக்டர்கள் வழக்கமாக எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குக் குறியீடே கிடையாது! சிறுநீர்த் தொற்று மட்டுமா, அது உடல் முழுதும் பரவி உயிருக்கு ஆபத்தான நிலையா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதற்கு ஆள் வேண்டும். டாக்டரிடம் டாக்டர் பாஷையில் பேசத் தெரிந்தவர், குறியீட்டு விதியும் தெரிந்தவர். பெரும்பாலும் வார்டில் பல ஆண்டுகள் நின்ற நர்சுகளையே எடுத்தார்கள். 2007இல் இவர்களுக்கென்று தனிச் சங்கம் பிறந்தது. 2009இல் அது சி.சி.டி.எஸ். என்ற சான்றிதழைத் தொடங்கியது. 1928இல் பிறந்த பழைய சங்கமும் பின்னர் சி.டி.ஐ.பி. என்று ஒன்று கொண்டுவந்தது. சி.சி.டி.எஸ். தேர்வு எழுதுவதற்கே அந்த வேலையில் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அதாவது, சான்றிதழ் வாங்கிவிட்டு வேலைக்குப் போவதல்ல, வேலை செய்துவிட்டுச் சான்றிதழ் வாங்குவது. "ஐம்பதாயிரம் கட்டுங்கள், மூன்றே மாதத்தில் ஸ்பெஷலிஸ்ட்" என்று யாராவது சொன்னால், பணத்தைக் கட்டும் முன் இந்த ஒரு வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த வேலையின் கத்தி முனை. சரியாக எழுதினால் பணம் கூடும் என்றால், கூட்டுவதற்காகவே எழுதச் சொல்லும் ஆசையும் வரும். அதனால்தான் கேள்வி கேட்பதற்கே விதி வைத்திருக்கிறார்கள். "செப்சிஸ் என்று எழுதுங்கள் டாக்டர்" என்று கேட்கக் கூடாது. நோயாளியின் காய்ச்சல் இவ்வளவு, வெள்ளணுக்கள் இவ்வளவு, கொடுத்த மருந்து இது என்று ஆதாரத்தை வைத்துவிட்டு, "இதன் பொருள் என்ன?" என்று கேட்க வேண்டும். தெரிவுகள் கொடுத்தால், 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்பனவும் அதில் இருக்க வேண்டும். பதிலால் எவ்வளவு பணம் வரும் என்று குறிப்பிடவே கூடாது. பரீட்சை ஹாலில் கேள்வியை விளக்கலாம், விடையை வாயில் ஊட்டக் கூடாது என்று உங்களுக்கு நான் சொன்னேனே, அதே விதிதான்.

ஆக, தேர்வு எழுதலாமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில்: எழுதலாம். ஆனால் வார்டு அனுபவம் முதலில், கோடிங் விதி அடுத்து, தேர்வு கடைசியில். நர்சிங் படித்தவர்கள் வார்டில் கழித்த ஆண்டுகளை வீண் என்று நினைக்காதீர்கள். உங்களைத் தேடி வரப்போவது அந்த அனுபவத்துக்காகத்தான்.

கோடிங்கில் இல்லாத உறவுகளுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. நம் மாநிலத்தில் 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களும் பெருகிவிட்டார்கள். இங்கேயும் காகிதம்தான் பேசும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியை மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். நோயின் பெயர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இவை சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படியுங்கள். இரண்டு ஆண்டுச் சர்க்கரை பன்னிரண்டு என்று பதிவானால், பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள் என்று நாளை கேட்பார்கள். புரியாவிட்டால் டாக்டரிடமோ நர்சிடமோ கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இரவு ஷிஃப்டில் முகம் தெரியாத ஒருவரின் கேஸ் ஷீட்டைத் திறக்கும் என் பிள்ளைகளுக்கு: அந்த மனிதர் அடுத்த முறை மயங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்தால், அவருக்காகப் பேசப்போவது அந்த ஏடுதான். அதில் ஒரு வரி கூடவும் வேண்டாம், ஒரு வரி குறையவும் வேண்டாம்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தம்பி தங்கைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்