முனியும் கொசுவும்

"மனுசன் எங்கேருந்து பாட்டி வந்தான்?" என்று கேட்டால், "நாகப்பட்டினத்துலேருந்து, ரஜூலா கப்பல்ல" என்பார் மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் வாழ்ந்த எங்கள் பாட்டி. அதற்கு முந்தியதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கெடுதல் எங்கேயிருந்து வருகிறது என்பதில்தான் உறுதி: காட்டிலிருந்து. மரத்தை வெட்டினால் முனி கோபிக்கும், குளிர்க்காய்ச்சல் வரும். அதனால் தோட்டத்து எல்லையில் கல் நட்டு, சுருட்டும் சாராயமும் படைத்தார்கள். தொழிலாளர் லயத்து வாசலில் வேப்பிலை, பிள்ளைகள் நெற்றியில் மந்திரித்த திருநீறு.

1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்தக் குளிர்க்காய்ச்சலின், அதாவது மலேரியாவின், கிருமியைக் கண்டார். 1901இல் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், காட்டை அழித்துச் சதுப்பை வடித்தார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. கடலோரச் சமவெளியில் அது பலித்தது. அங்கே காய்ச்சலைப் பரப்பிய கொசு, நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலைப்பக்கத் தோட்டங்களிலோ கதை தலைகீழ். மரம் வெட்டியதும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது. ஓடைகளில் எண்ணெய் தெளிக்க வேண்டியதாயிற்று.

மரம் வெட்டினால் காய்ச்சல் என்ற பாட்டியின் கணக்கு, ஆக, மலையில் சரி. அவர் வாழ்ந்த சமவெளியில்தான் தப்பு!

காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் ஊற்றிய கொயினா மருந்தை முகம் சுளித்துக் குடித்துவிட்டு, பாட்டி திருநீறும் பூசிக்கொள்வாராம். எது குணமாக்கியது என்று பிரித்துப் பார்த்ததில்லை.

லயம் இடிந்துபோயிற்று. முனிக்கல்லுக்கு இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள்.