வரைவுத் திறன் அளவீடு

வரைகலை இடைமுக நிரல்கள் சாளரம், எழுத்து, படம் ஆகியவற்றைத் திரையில் எவ்வளவு விரைவாகவும் சீராகவும் வரைகின்றன என்பதைக் கணக்கிடும் முறை. இதன் அடிப்படை அலகு ஒரு ஃபிரேமை, அதாவது திரையில் தோன்றும் ஒரு முழுப் படத்தை, வரைய ஆகும் நேரம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிவிநாடி, 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.33. இதைத் தாண்டினால் பழைய படமே நீடிக்கும். பயனர் அதைத் திக்கலாக உணர்வார்.

சராசரியின் குறை: 59 ஃபிரேம்கள் தலா 10 மில்லிவிநாடியிலும் ஒன்று மட்டும் 410 மில்லிவிநாடியிலும் வரையப்பட்டால் சராசரி 16.67தான். ஆனால் பட்டியலை விரலால் தள்ளுபவருக்கோ திரை ஏறக்குறைய அரை விநாடி உறைந்து நிற்கும். எனவே 90, 95, 99ஆம் சதமானங்களையும் பார்ப்பது அவசியம். ஆண்ட்ராய்டின் ‘ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோ’ அறிக்கை இவற்றைத் தருகிறது.

அளக்கும் இடம்: வரைவுக் கட்டளை வரிசையில் சேர்ந்ததும் நிரல் அடுத்த வேலைக்குப் போய்விடும், வரைகலைச் செயலி (ஜிபியு) பின்னரே வரையும். வரைவு அழைப்பின் முன்னும் பின்னும் கடிகாரம் பார்த்தால் கட்டளை அனுப்பிய நேரமே கிடைக்கும். எக்ஸ் விண்டோ முறைமையின் ‘எக்ஸ்11பெர்ஃப்’ கருவி, திரையில் வரையும் நிரலான எக்ஸ் சர்வர் வேலையை முடிக்கும்வரை காத்திருந்து, தகவல் போய்வரும் நேரத்தைக் கழித்துவிடுகிறது. ஒவ்வொரு சோதனையையும் இயல்பாக 5 முறை நடத்துகிறது.

திரைப் புதுப்பிப்புடன் ஒத்திசைவு இயங்கும்போது வேகம் திரையின் வீதத்தைத் தாண்டாது. உச்சத் திறனை அறிய அந்த ஒத்திசைவை நிறுத்தி அளக்க வேண்டும்.