தஞ்சைக் கலைக்கூடத்தில் காளை இல்லாத ரிஷபவாகனர்

தஞ்சாவூர் போகும் நம்மில் பலர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, தலையாட்டி பொம்மையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1951இல் தொடங்கப்பட்ட இக்கூடத்தில் சோழர் கால வெண்கலச் சிலைகள் பல உள்ளன.

அவற்றில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைத் தேடிப் பாருங்கள். உயரம் சுமார் மூன்றரை அடி. சுருண்ட சடையே தலைப்பாகை. ஒரு காலை ஒயிலாக மாற்றி வைத்து, வலக்கையை எதன்மீதோ சாய்த்தபடி நிற்கிறார் சிவன். சாய்ந்திருந்த காளை இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கை காளையின் உயரத்தைக் காட்டிவிடும்.

இச்சிலையின் காலத்தை யாரும் ஊகிக்கவில்லை. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டே 1011ஆம் ஆண்டைச் சொல்கிறது. அதாவது பெரிய கோயில் முடிந்த மறு ஆண்டு. அருகில் நிற்கும் தேவி 1012இல் வந்தவர். மண்ணுக்கடியில் புதைந்திருந்து வெளிவந்த சிலைக்கு, ஊர்ச் சுவரில் பத்திரம் பத்திரமாக இருந்திருக்கிறது!

கடத்தப்பட்டு வெளிநாடு போகும் சிலை இழப்பது இந்த ஊர்த் தொடர்பைத்தான். ஊர் தெரியாவிட்டால் அது வெறும் அழகுப்பொருள். பிள்ளைகளுடன் போனால், சிலையின் பெயரோடு அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் பலகையில் படிக்கச் சொல்லுங்கள்.