பாளையக்காரர் மண்கோட்டை

பாளையக்காரர் மண்கோட்டை: மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை பாளையக்காரர்கள் கட்டி வாழ்ந்த அரண். மேற்குமலைக்கு அப்பால் திருவிதாங்கூர். இப்பால், மலையடிவாரத்தில் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் எனப் பாளையங்கள். விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. பாளையம் என்றால் படை இறங்கும் இடம். ராஜபாளையத்தின் பெயரிலும் அது ஒட்டியிருக்கிறது.

கோட்டை என்றதும் கருங்கல்லை நினைக்க வேண்டாம். நன்றாகக் குழைத்த மண்ணை வரிவரியாக வைத்து, காய்ந்தபின் மேலே ஏற்றிய சுவர் அது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஏறத்தாழ 500 அடிக்கு 300 அடி, மதிலின் உயரம் 12 அடி, அங்கங்கே சிறு சதுரக் கொத்தளங்கள். அகழி கிடையாது, சுற்றிலும் அடர்ந்த முள்வேலிதான். பார்த்தால் பெரிய மாட்டுத்தொழுவம் போலத் தோன்றியிருக்கும். ஆனால் பீரங்கிக் குண்டு பட்டால் கல் பிளக்கும், மண் விழுங்கிவிடும்.

1755-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் கனரக பீரங்கி இல்லாமல் நெற்கட்டும்செவலுக்கு வந்தார். அங்கிருந்த பாளையக்காரர் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுக்கவே, வந்த வழியே திரும்பினார். கம்பெனிப் படைத்தலைவர் யூசுப்கான் 1761-இல்தான் அந்தக் கோட்டையைப் பிடித்தார். 1767-இல் கம்பெனியின் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கியபோது, உடைந்த இடத்தைப் பனைமரத்தாலும் வைக்கோலாலும் உள்ளிருந்தவர்கள் அடைத்துக்கொண்டே இருந்தனர். மதில் நிற்காது என்றானால் பின்னால் கோம்பை இருந்தது. மூன்று பக்கமும் மலை, வாயில் புதர்க்காடு. 1783-இல் சிவகிரிப் பாளையக்காரர் அங்கேதான் ஒதுங்கினார். கர்னல் ஃபுல்லார்ட்டன் காட்டை வெட்டி வழி உண்டாக்க வேண்டியிருந்தது.

இந்த மண்கோட்டைகளுக்கு இணையானவை ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லையின் கோபுர வீடுகள். அங்கே நிலக்கிழார்கள் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மதில் எழுப்ப வேண்டும் என 1535-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஃபுல்லார்ட்டனும், 1801 மார்ச்சில் பாஞ்சாலங்குறிச்சியில் தோற்றுப் பின்வாங்கிய மேஜர் மெக்காலேயும் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

அதே 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. மண்ணால் கட்டியது மழைக்கும் ஏருக்கும் எளிதில் போய்விட்டது. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது 1974-இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக்கோட்டை.