நாற்பத்தேழாவது குரோமோசோம்

ஆடி மாதம் வந்துவிட்டால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். வேப்பஞ்சேலை கட்டி வருபவர்களில் பிள்ளை வரம் வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. வரமாக வந்த பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால் மட்டும் பழி தாய் மேல்தான் விழும். "கிரகணத்தன்னைக்கு வெளிய போயிருப்பா", "மசக்கையில எதையோ தின்னிருப்பா"... டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் தாய்மார்கள் கேட்காத பேச்சில்லை. உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானத்துக்கே 93 வருடங்கள் பிடித்தன. அந்தக் கதையிலும் ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தது.

1866-ல் ஜான் லாங்டன் டவுன் என்ற இங்கிலாந்து மருத்துவர், தன் காப்பகத்தில் இருந்த சில குழந்தைகளின் முகச்சாயல் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்து எழுதினார். அந்தச் சாயலை மங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டதால் "மங்கோலிசம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம் பெற்றோரின் காசநோய் என்று அவர் நினைத்தார். (பிற்காலத்தில் அவருடைய பேரன் ஒருவனே இதே குறையோடு பிறந்தான்!) 1933-ல் லயனல் பென்ரோஸ், தந்தையின் வயது அல்ல, தாயின் வயதுதான் இதில் முக்கியம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் ஏன் என்று சொல்ல முடியவில்லை. எப்படி முடியும்? மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் அப்போது நம்பினார்கள். 46 என்று தெரிந்ததே 1956-ல்தான்.

அந்தச் சமயத்தில் பாரிஸ் ட்ரூசோ மருத்துவமனையில் மார்த் கோட்டியே என்ற இளம் பெண் மருத்துவர் இருந்தார். அமெரிக்காவில் திசு வளர்ப்பு கற்றுக்கொண்டு திரும்பியவர். ஆய்வுக்கூடத்தில் வசதி எதுவும் கிடையாது. திசுவை வளர்க்கத் தேவையான பிளாஸ்மாவுக்காக ஒரு சேவலை வாங்கினார், சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்தார். 1958-ல் 47 குரோமோசோம்கள் கண்ணில் பட்டன. படம் எடுக்கும் வசதி அவருடைய மைக்ராஸ்கோப்பில் இல்லை. ஜெரோம் லெஜூன் என்ற சக ஆய்வாளர் படம் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஸ்லைடுகளை வாங்கிப் போனார். 1959 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் லெஜூன், இரண்டாவது கோட்டியே. அதுவும் எழுத்துப் பிழையோடு! 2014-ல் பிரான்ஸின் இன்செர்ம் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, இந்தக் கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று சொன்னது. 2022-ல் கோட்டியே இறந்தபோது வயது 96.

அதன்பின் கதவு திறந்துகொண்டது. ஆண்களுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர், பெண்களுக்கு ஒரு எக்ஸ் குறையும் டர்னர் இரண்டும் 1959-லேயே புரிந்தன. 18-ஆவது கூடினால் எட்வர்ட்ஸ், 13-ஆவது கூடினால் பட்டாவ் என்பது 1960-ல் தெரிந்தது. இந்தக் கடைசி இரண்டில் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை.

சரி, கூடுதல் எங்கிருந்து வருகிறது? கருமுட்டை உருவாகும்போது ஜோடி குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டும். சில சமயம் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் இந்தப் பிரிவினையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கும். 40 வயதில் வெளிவரும் முட்டை 40 வருடம் காத்திருந்த முட்டை. அதனால்தான் 25 வயதில் ஏறக்குறைய 1,250-ல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 40 வயதில் 100-ல் ஒன்றாகிறது. ஆனாலும் இளம் தாய்மார்களே அதிகம் பிள்ளை பெறுவதால், டவுன் குழந்தைகளில் பலரும் அவர்களுக்குத்தான் பிறக்கிறார்கள். சில நேரம் தவறு தந்தையின் விந்தணுவிலும் நடக்கும். இதை யாரும் சொல்லிக்காட்டுவதில்லை!

நம் ஊரில் இன்னொரு குழப்பம், மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்பது. சொந்தத்தில் திருமணம் செய்தால் தலசீமியா போன்ற மரபணு நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் குரோமோசோம் பிரிவதில் நடக்கும் பிசகு வேறு கணக்கு. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் 21-ஆவதின் துண்டு வேறொன்றில் ஒட்டியிருக்கும், அது பெற்றோர் ஒருவரிடமிருந்து வரலாம். அடுத்த பிள்ளைக்கு முன் கேரியோடைப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

மங்கோலிய நாடு கேட்டுக்கொண்டபின் 1965-ல் உலக சுகாதார நிறுவனம் பழைய பெயரைக் கைவிட்டது. 2015-ல் டவுன் சிண்ட்ரோம் உலக மாநாடு சென்னையிலேயே நடந்தது. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலிலும் இது இருக்கிறது. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும். அதனால் பிறந்தவுடன் செய்ய வேண்டியது எக்கோ. பரிகாரத்துக்கு அலைவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.