தேன்வதைக்குத் தீ வைக்க முன்...

போன கிழமை எங்கள் பாடசாலையின் பழைய கட்டடத்தில், தரம் 7 வகுப்பறையின் சீலிங் பலகைக்கு மேலே தேன்வதை ஒன்று இருப்பது தெரியவந்தது. ஒரு பிள்ளைக்குக் கண்ணிமையில் கொட்டி முகமே வீங்கிவிட்டது. அன்று பின்னேரமே பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் யோசனைகள் வந்து குவிந்தன. அதிகம் பேர் சொன்னது ஒன்றுதான்: "ராவைக்கு மண்ணெண்ணெய்ப் பந்தம் பிடிச்சா விஷயம் முடிஞ்சிது சேர்."

கோபம் நியாயம். கொட்டு வாங்கியது நம் பிள்ளை. ஆனாலும் நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். "குளவி, குளவி" என்று எல்லோரும் எழுதியதைப் பார்த்தபோது றொபட் நொக்ஸ் நினைவுக்கு வந்தார்.

1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறத்தாழ 20 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் அவர். தப்பிப்போய் 1681இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் நம் நாட்டுத் தேனீக்களை மூன்று இனமாகப் பிரித்துப் பெயரோடு எழுதியிருக்கிறார். மரப்பொந்திலும் நிலத்துப் பொந்திலும் கூடு கட்டுவது ஒன்று. சிங்களத்தில் மீ மெஸ்ஸா. உயர்ந்த மரக்கிளையில் வெளியே தெரியும்படி பெரிய வதை கட்டுவது இன்னொன்று, பம்பரா. மற்றது மிகச் சிறியது.

பொந்துத் தேனீயை அந்தக் கால மக்கள் எப்படிக் கையாண்டார்கள் தெரியுமா? பொந்துக்குள் வாயால் ஊதுவார்களாம். தேனீக்கள் வெளியே பறந்ததும் வெறுங்கையை விட்டு வதையை எடுத்துச் சட்டியில் போட்டுக்கொள்வார்களாம். உடம்பைத் துணியால் மூடுவதுகூட இல்லை. தீப்பந்தத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மரத்தில் தொங்கும் தேனீக் கூட்டத்தின் கீழே பந்தம் பிடித்து விழுத்தி, அவித்துச் சாப்பிடுவார்களாம். அதாவது தீ, தேனீயைத் தின்பதற்கு!

வேடர்களும் அப்படித்தான், தேனீயின் குணம் பார்த்தே வேலை செய்தார்கள். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் ஆய்வு நூலில், கொடியால் ஏணி பின்னி, மலைமுகட்டிலிருந்து இறங்கி, புகை பிடித்துப் பம்பராத் தேன் எடுக்கும் முறை விவரமாக இருக்கிறது. புகைக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தேனீ கொட்டினால் அதன் கொடுக்கிலிருந்து வாழைப்பழம் போன்ற ஒரு வாசம் கிளம்பும். மற்றத் தேனீக்களுக்கு அது "வாருங்கள்" என்ற அழைப்பு. புகை அந்த வாசத்தை மறைத்துவிடும். அப்படி எடுத்த தேனையும் மெழுகையும் வேடர்களிடம் பண்டமாற்றாக வாங்கியவர்களில் நம் முன்னோரான முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள்.

பெட்டியில் தேனீ வளர்க்கும் முறை பிறகு வந்தது. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரொத் என்ற பாதிரியார், வதைகளுக்கிடையே ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை அடைக்காமல் நடைபாதையாக வைத்துக்கொள்ளும் என்று கண்டார். அதனால் மரச்சட்டங்களைக் கழற்றிப் பூட்டும் பெட்டி சாத்தியமானது. 1880களின் தொடக்கத்தில் ஃபிராங்க் பெண்டன் என்ற அமெரிக்கர் இலங்கை, இந்தியா வரை வந்து நம் பம்பராவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார். நடக்கவில்லை. பம்பரா பெட்டிக்குள் அடங்காது. திறந்த வெளியில் வாழ்ந்து, பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் இனம் அது. மீ மெஸ்ஸா அப்படியல்ல, பெட்டிக்குப் பழகும்.

ஆகவே முதல் கேள்வி "எப்படிக் கலைப்பது?" என்பதல்ல, "இது எந்தத் தேனீ?" என்பதுதான். எங்கள் சீலிங்கில் இருந்தது மீ மெஸ்ஸா.

பக்கத்து ஊரில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஒருவரை அழைத்தோம். பிள்ளைகள் போன பிறகு, பொழுது சாயும் நேரம் வந்தார். பொச்சுமட்டையில் மெல்லிய புகை போட்டார். பலகையைக் கழற்றி, வதைகளை ஒவ்வொன்றாக அறுத்து, சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினார். இராணியைத் தேடிப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவை தாமாகவே வரிசையாய் உள்ளே போயின. வெளியே போனவையும் திரும்பி வரட்டும் என்று இருட்டும்வரை பெட்டியை அங்கேயே வைத்தார். அடுத்த நாள் மிச்ச மெழுகைச் சுரண்டிக் கழுவி, ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தோம். இதைச் செய்யாவிட்டால் மெழுகு வாசத்துக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும். மருந்தடித்துக் கொன்றிருந்தாலும் இதே கதைதான். அதோடு, கவனிப்பாரற்ற தேன் உருகிச் சுவரில் வடியும், எறும்பு ஏறும்.

ஒரு எச்சரிக்கை. கூரை விளிம்பிலோ தண்ணீர்த் தாங்கியிலோ பெரிய ஒற்றை வதை வெளியே தொங்கினால் அது பம்பரா. கல் எறிவதோ, பந்தம் பிடிப்பதோ கூடாது. சிகிரியாவில் சத்தம் போட வேண்டாம் என்று பலகை வைத்திருப்பது இவற்றுக்காகத்தான். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் உயிரைக் குடிக்கும் "குளவி"யும் பல நேரங்களில் இதுதான். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாமல் தடுத்து, அனுபவமுள்ளவரை அழையுங்கள். இடைஞ்சல் இல்லாத உயரத்தில் இருந்தால் பொறுத்திருங்கள்; பருவம் மாறத் தானே போய்விடும். யாருக்காவது பல கொட்டு விழுந்தால், அல்லது மூச்சுத் திணறினால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அந்நஹ்ல் சூராவின் 68ஆம் வசனம் தேனீக்கு மூன்று வீடுகளைச் சொல்கிறது: மலை, மரம், மனிதர் கட்டுபவை. மூன்றாவதை நான் இவ்வளவு காலமும் ஓதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறேன். தேனீயைக் கொல்வதை நபியவர்கள் (ஸல்) தடுத்த ஹதீஸ் அபூதாவூதில் இருப்பதும் நமக்குத் தெரிந்ததே.

கொட்டு வாங்கிய பிள்ளை இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ். நேற்று என்னிடம் வந்து கேட்டான்: "சேர், அந்தப் பெட்டியப் பாக்கப் போகலாமா?"

வார சனிக்கிழமை போகிறோம், இன்ஷா அல்லாஹ்.